கிளன் பள்ளத்தாக்கை நடந்தே அறிய: தெற்கு ஷ்ராப்ஷயருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

இங்கிலாந்தில் கிராமப்புறம் பார்க்க வேண்டும் என்று கிளம்புகிறவர்களில் பெரும்பாலோர் காட்ஸ்வோல்ட்ஸுக்கோ லேக் டிஸ்ட்ரிக்டுக்கோ போகிறார்கள். விடுமுறை நாளாக இருந்தால் கார் நிறுத்த இடம் தேடியே பாதி நாள் தீர்ந்துவிடும். அதே இங்கிலாந்தில், வேல்ஸ் எல்லையை ஒட்டி, ஷ்ராப்ஷயரின் தென்மேற்கு மூலையில் கிளன் என்ற சிற்றாறு ஓடுகிறது. அதன் பள்ளத்தாக்கில் ஒரு முழு நாள் நடந்தாலும் எதிரே வருகிறவர்களை ஒரு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம். ஷ்ராப்ஷயர் குன்றுகள் 1958லேயே பாதுகாக்கப்பட்ட நிலப்பரப்பாக அறிவிக்கப்பட்டவை. பரப்பு சுமார் 800 சதுர கி.மீ. அழகுக்குக் குறைவில்லை. மோட்டார்வே இல்லை, பெரிய ஊர் இல்லை, 'இதைப் பார்த்தாயா?' என்று கேட்கும்படி ஒற்றைக் காட்சி எதுவும் இல்லை. அதனால்தான் கூட்டமும் இல்லை.

கிளன்டன், கிளன்பரி, கிளங்கன்ஃபர்ட், கிளன் ஆகிய நான்கும் சூரியனுக்குக் கீழே உள்ள ஊர்களிலேயே மிக அமைதியானவை என்று ஒரு பழைய நாட்டுப்பாட்டு சொல்கிறது. 'அமைதியான' என்ற இடத்தில் 'குடிகார' என்று மாற்றிப் பாடுவதும் உண்டு.

இப்படிப்பட்ட இடத்தைச் சுற்றுலாப் பட்டியல் போட்டுப் பார்க்க முடியாது. ஒரே பள்ளத்தாக்கு, குறைந்தது நான்கு நாள், நல்ல வரைபடம், சேறு தாங்கும் காலணி. இவ்வளவுதான் தேவை.

1. முதலில் எல்லையைக் குறுக்குங்கள்

கிழக்கே கிரேவன் ஆர்ம்ஸ், மேற்கே நியூகாசில் என்ற சிற்றூர் (பெரிய நியூகாசில் நகரம் வேறு, அது இங்கிருந்து வெகுதூரம்), வடக்கே பிஷப்ஸ் காசில், தெற்கே நைட்டன். கிழக்கு மேற்காகச் சுமார் 18 கி.மீ., வடக்கு தெற்காகச் சுமார் 17 கி.மீ. இந்தச் சதுரத்தைத் தாண்டாதீர்கள்.

பலரும் தவறுவது இங்கேதான். இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்று லட்லோ, அயர்ன்பிரிட்ஜ், ஷ்ரூஸ்பரி எல்லாவற்றையும் நான்கு நாளுக்குள் அடைத்தால், கடைசியில் நினைவில் நிற்பது கார் கண்ணாடிக்கு வெளியே ஓடிய உயிர்வேலிகள் மட்டும்தான். ஒரே ஒரு விலக்கு தரலாம். கிரேவன் ஆர்ம்ஸிலிருந்து ஒன்றரை கி.மீ. தெற்கே இருக்கும் ஸ்டோக்சே காசில். கம்பளி வியாபாரத்தில் பெரும்பணம் சேர்த்த லாரன்ஸ் ஆஃப் லட்லோ 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் கட்டிய வீடு அது. கோட்டை மாதிரி தோற்றம், உள்ளே வியாபாரியின் வசதி. ரயிலுக்குக் காத்திருக்கும் இரண்டு மணி நேரத்தில் பார்த்துவிடலாம்.

காலம்: மே மாத நடுவிலிருந்து ஜூன் வரை சிறப்பு. உயிர்வேலிகளில் ஹாதார்ன் வெள்ளையாகப் பூத்திருக்கும், ஜூனில் ஒன்பதரை மணி வரை வெளிச்சம் இருக்கும். ஆகஸ்டில் மேட்டு நிலங்களில் ஹெதர் ஊதா நிறத்தில் விரியும். மார்ச், ஏப்ரல் ஆடுகள் குட்டி போடும் பருவம். பார்க்க இனிமைதான், ஆனால் நாயோடு வருகிறவர்களை விவசாயிகள் விரும்ப மாட்டார்கள். டிசம்பரில் எட்டேகாலுக்கு விடிந்து நான்கு மணிக்கு இருட்டும், வயல் வாசல்களில் கணுக்கால் வரை சேறு நிற்கும். மே முதல் திங்களை ஒட்டிய விடுமுறையில் கிளனில் 'பச்சை மனிதன்' திருவிழா நடக்கும். அந்த வாரம் அறை வேண்டுமென்றால் பல மாதம் முன்பே சொல்லி வைக்க வேண்டும்.

2. வரைபடத்தைப் படிக்கப் பழகுங்கள்

கைப்பேசியின் சாதாரண வரைபடம் இங்கே உதவாது. சாலையைக் காட்டும், நடக்கும் பாதையைக் காட்டாது. அரசின் வரைபட நிறுவனமான ஆர்டினன்ஸ் சர்வேயின் எக்ஸ்ப்ளோரர் வரிசைதான் வேண்டும். அதில் தரையில் 1 கி.மீ. என்பது தாளில் 4 செ.மீ. ஒரு தொல்லை என்னவென்றால் இந்தப் பள்ளத்தாக்கு மூன்று தாள்கள் சேரும் மூலையில் விழுகிறது. கிளனும் நைட்டனும் 201ஆம் தாளில், பிஷப்ஸ் காசில் பக்கம் 216இல், கிரேவன் ஆர்ம்ஸும் லாங் மைண்ட் மலையும் 217இல். மூன்றையும் வாங்குவதைவிட அவர்களுடைய செயலியில் ஒரு மாதச் சந்தா எடுத்து, தேவையான பகுதியை முன்கூட்டியே இறக்கிக்கொண்டு, 201ஐ மட்டும் காகிதமாக வாங்குவது சிக்கனம். காகிதம் கட்டாயம் வேண்டும். குளிரில் பேட்டரி சட்டென்று இறங்கும், பள்ளத்தாக்கின் அடியில் சிக்னல் இருக்காது.

தாளில் மூன்று விஷயங்களைப் பிரித்துப் பார்க்கப் பழகினால் போதும்.

பச்சைக் கோடுகள். குட்டைக் கோடுகளால் ஆன பச்சை வரிசை என்றால் நடப்பவர்களுக்கான பொதுவழி. நீளமான பச்சைக் கோடுகள் என்றால் குதிரையும் சைக்கிளும்கூடப் போகலாம். இவை தனியார் வயலுக்குள்ளே போனாலும், வீட்டு முற்றத்தையே கடந்தாலும், நடக்கச் சட்டப்படி உங்களுக்கு உரிமை உண்டு. புதிதாக வருகிறவர்களுக்கு இதுதான் நம்பக் கடினமாக இருக்கும். அடுத்தவர் நிலத்துக்குள் நுழைகிறோமே என்று தயங்கி, சாலையிலேயே நடந்து, லாரிக்கு ஒதுங்கி ஒதுங்கித் திரும்பிவிடுவார்கள். பச்சை இல்லாமல் கறுப்புப் புள்ளிக்கோடு மட்டும் இருந்தால் அங்கே ஒரு தடம் இருக்கிறது என்றுதான் பொருள், நடக்க உரிமை இருக்கிறது என்று பொருள் அல்ல.

மெல்லிய கறுப்புக் கோடுகள். இவை வயல் எல்லைகள். எக்ஸ்ப்ளோரர் தாளின் உண்மையான மதிப்பு இவற்றில்தான் இருக்கிறது. பாதை வேலிக்கு இடப்புறமா வலப்புறமா, மூன்றாவது வயலில் குறுக்கே போகிறதா ஓரமாகப் போகிறதா என்பதை இவற்றை வைத்தே முடிவு செய்ய முடியும். வழி தவறுகிறவர்களில் பெரும்பாலோர் வேலிக்குத் தவறான பக்கம் போய், கடைசி மூலையில் முள்கம்பியைப் பார்த்துக்கொண்டு நிற்பவர்கள்.

வெளிர் மஞ்சள் நிறப் பரப்பு. 2000ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பாதை இல்லாமலே எங்கும் நடக்கலாம் என்று திறந்துவிடப்பட்ட மேட்டு நிலம்.

தரையில் அம்புக்குறிகள் உண்டு. மஞ்சள் அம்பு நடப்பவருக்கு, நீலம் குதிரைப் பாதைக்கு, சிவப்பு எல்லா வாகனத்துக்கும்.

3. பெயர்களே பாதி வழிகாட்டி

தாளை விரித்து ஊர்ப்பெயர்களை மெதுவாக வாசியுங்கள். நம் ஊரில் பட்டி, குறிச்சி, மங்கலம் என்ற ஈறுகளைப் பார்த்தே கதை சொல்லிவிடுவது போல இங்கேயும் முடியும். 'டன்' என்று முடிந்தால் பழைய சாக்சன் குடியிருப்பு. 'பரி' என்றால் அரண். 'ஃபர்ட்' என்றால் ஆற்றைக் காலால் கடக்கும் துறை. 'ஹோப்' என்றால் ஒரு பக்கம் அடைபட்ட பள்ளத்தாக்கு, உள்ளே போனால் திரும்பி வந்த வழியேதான் வர வேண்டும். லாங் மைண்ட் மலையில் உள்ள சிறு பள்ளங்களை 'பேட்ச்', 'ஹாலோ' என்பார்கள். அந்த 'மைண்ட்' என்பது மலையைக் குறிக்கும் வெல்ஷ் சொல்லிலிருந்து வந்தது.

மேற்கே போகப் போக லான்ஃபேர் வாட்டர்டைன், பெட்டஸ்-இ-க்ரூயின் என்று வெல்ஷ் பெயர்கள் வரும். இரண்டும் இங்கிலாந்துக்குள் இருப்பவை. எல்லைக்கோடு ஒன்று, மொழிக்கோடு வேறு. பெட்டஸ்-இ-க்ரூயின் தேவாலயம் இங்கிலாந்தின் மிக உயரமான இடத்தில் உள்ள தேவாலயங்களில் ஒன்று. உள்ளே போனால் பெஞ்சுகளின் ஓரத்தில் பண்ணைகளின் பெயர் எழுதியிருப்பதைப் பாருங்கள். எந்தப் பண்ணைக் குடும்பம் எந்த பெஞ்சில் உட்கார வேண்டும் என்பதற்கான ஏற்பாடு அது. தாளில் அதே பண்ணைப் பெயர்களைத் தேடினால் சுற்றுவட்டாரத்தில் பலவற்றைக் கண்டுபிடிக்கலாம். நல்ல விளையாட்டு.

'கிளன் ஃபாரஸ்ட்' என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கும் இடத்தில் அடர்காட்டைத் தேடாதீர்கள். அந்தக் காலத்தில் 'ஃபாரஸ்ட்' என்றால் பிரபுக்களின் வேட்டை நிலம். இப்போது அது பெரும்பாலும் ஆட்டு மேய்ச்சல். கறுத்த முகமும் நிமிர்ந்த காதும் கொண்ட கிளன் ஃபாரஸ்ட் என்ற ஆட்டினம் இங்கிருந்து வந்ததுதான்.

உச்சரிப்பில் இரண்டு பொறிகள். எழுத்தில் 'ராட்லிங்ஹோப்' என்று இருப்பதை உள்ளூரில் 'ராச்சப்' என்பார்கள். தனியே வரும் 'Bury' என்ற சொல்லைப் 'பெரி' என்று சொல்ல வேண்டும்.

4. போய்ச் சேர்வது

ரயிலில் ஷ்ரூஸ்பரி வரை வாருங்கள். பர்மிங்காமிலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரம். அங்கிருந்து ஹெரிஃபர்ட் பாதையில் அரை மணியில் கிரேவன் ஆர்ம்ஸ். அங்கே 'ஹார்ட் ஆஃப் வேல்ஸ்' என்ற ஒற்றை ரயில் பாதை பிரிகிறது. புரூம், ஹாப்டன் ஹீத், பக்னல், நைட்டன் என்று நிலையங்கள். ஒரு திசையில் நாளுக்கு நான்கைந்து வண்டிதான், ஞாயிறன்று அதற்கும் குறைவு. நைட்டன் ஊர் வேல்ஸில் இருக்கிறது, அதன் ரயில் நிலையம் இங்கிலாந்தில் இருக்கிறது.

புரூம் போன்ற நிலையங்களில் வண்டி தானாக நிற்காது. இறங்க வேண்டுமென்றால் ஏறியவுடனே கண்டக்டரிடம் சொல்லிவிட வேண்டும். நிலையம் வரும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தால் அடுத்த ஊரில்தான் இறங்குவீர்கள், திரும்பி வரும் வண்டிக்கு மூன்று மணி நேரம்கூடக் காத்திருக்க நேரும்.

கிளனுக்குள் பேருந்து மிகக் குறைவு, ஞாயிறன்று நம்பவே வேண்டாம். டாக்ஸியை முந்தின நாளே சொல்லி வைக்க வேண்டும். கால் பலம் இருந்தால் புரூமில் இறங்கி நடப்பதே சிறந்த நுழைவு. ஒரு கி.மீ. தூரத்தில் ஆஸ்டன்-ஆன்-கிளன் ஊரின் நடுவில் ஒரு கறுப்புப் பாப்லர் மரம் நிற்கும், கிளையெல்லாம் கொடி கட்டியிருக்கும். ஆண்டுதோறும் மே மாதக் கடைசியில் பழைய கொடிகளை இறக்கிப் புதியவை கட்டுகிறார்கள். 1786இல் நடந்த ஒரு பண்ணையார் வீட்டுத் திருமணத்தோடு இந்த வழக்கத்தைச் சேர்த்துச் சொல்வார்கள். பழைய மரம் 1995இல் விழுந்துவிட்டது, இப்போது நிற்பது அதன் கிளையிலிருந்து வளர்த்தது. அங்கிருந்து கிளன்பரி, கிளன்டன் வழியாகப் பாதைகளிலேயே கிளன் வரை நாள் முழுக்க நிதானமாகப் போகலாம்.

காரில் வந்தால் சாலை இடதுபக்கம்தான், இந்திய ஓட்டுநர் உரிமத்தோடு 12 மாதம் வரை ஓட்டலாம். சிக்கல் சாலையின் அகலத்தில். சிறு சாலைகளில் ஒரு வண்டி மட்டுமே போகும், இருபுறமும் ஆள் உயர உயிர்வேலி. பலகை 60 மைல் அனுமதித்தாலும் 20க்கு மேல் ஓட்ட வேண்டாம். எதிரே டிராக்டர் வந்தால், ஒதுங்கும் இடம் யாருக்கு அருகில் இருக்கிறதோ அவர்தான் பின்னே போக வேண்டும். டிராக்டர்காரர் பின்னே போக மாட்டார் என்று வைத்துக்கொண்டு ரிவர்ஸ் எடுப்பதை நன்றாகப் பழகிவிட்டு வாருங்கள். வழிவிட்டவருக்கு ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கிக் காட்டினால் போதும், அதுவே நன்றி. குதிரையைக் கடக்கும்போது 10 மைல் வேகத்துக்குள், இரண்டு மீட்டர் இடைவெளி விட்டு.

ஜி.பி.எஸ்.ஸில் அஞ்சல் குறியீடு மட்டும் போட்டுத் தங்குமிடம் தேடாதீர்கள். நகரத்தில் ஒரு குறியீடு சில வீடுகளைக் குறிக்கும், இங்கே பல கி.மீ. பரப்பில் சிதறிய பண்ணைகளுக்கு ஒரே குறியீடு இருக்கலாம். எந்த வாசல், என்ன நிறக் கதவு என்று வீட்டுக்காரரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

5. சாப்பாடு, உடை

பப்புகளில் சமையலறை மதியம் இரண்டு மணிக்கும் இரவு எட்டு, எட்டரைக்கும் மூடிவிடும். திங்கள், செவ்வாயில் சமையலே இல்லாத இடங்கள் உண்டு. மேசையில் உட்கார்ந்து யாராவது வருவார்கள் என்று காத்திருக்கக் கூடாது, கவுண்டரில் போய்ச் சொல்லிப் பணம் கட்ட வேண்டும். ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்கு முன்பதிவு செய்யாவிட்டால் சிப்ஸ் பாக்கெட்தான். சைவம் கிடைக்கும், ஆனால் ஒரு வகை அல்லது இரண்டு வகைதான், காரம் எதிர்பார்க்க வேண்டாம். ஒரு ஊறுகாய் பாட்டிலைப் பையில் வைத்துக்கொள்வதில் தவறில்லை. ஜூலை, ஆகஸ்டில் மேட்டு நிலத்தில் விளையும் கருநீலச் சிறு பழத்தை இங்கே 'விம்பெரி' என்பார்கள். அதை உள்ளே வைத்துச் சுட்ட 'பை' (pie) என்ற மாவுப் பண்டம் கிடைத்தால் விடாதீர்கள், பல் நாள் முழுக்க நீலமாக இருக்கும். 'ஷ்ராப்ஷயர் புளூ' என்ற பாலாடைக்கட்டியை மண்ணின் பண்டம் என்று வாங்க வேண்டாம். அது 1970களில் ஸ்காட்லாந்தின் இன்வர்னஸில் பிறந்தது.

உடையில் ஒரே தடை ஜீன்ஸுக்கு. நனைந்தால் காயாது, குளிர் ஏறும். மழை தாங்கும் மேலாடை, கணுக்காலை மூடும் காலணி, மாற்றுக் காலுறை, 1.5 லிட்டர் தண்ணீர். கோடையிலும் முழுக்கால் சட்டையே போடுங்கள். பிராக்கன் புதரில் உண்ணி இருக்கும். மாலையில் முழங்கால் மடிப்பையும் இடுப்பையும் பார்த்து, இருந்தால் உண்ணி எடுக்கும் கொக்கியால் நசுக்காமல் எடுக்க வேண்டும். சில நாள் கழித்து வட்டமாகத் தடிப்பு பரவினால் மருத்துவரிடம் போங்கள்.

6. வயலுக்குள் நடக்கும் முறை

கதவு எப்படி இருந்ததோ அப்படியே விட்டுப் போங்கள். மூடியிருந்தால் மூடுங்கள், திறந்து கட்டியிருந்தால் திறந்தே விடுங்கள், ஆடுகள் தண்ணீருக்குப் போகும் வழியாக இருக்கும். பல கதவுகளில் தாழ்ப்பாள் இருக்காது. வைக்கோல் கட்டும் ஆரஞ்சு அல்லது நீல பிளாஸ்டிக் கயிற்றால் கட்டியிருப்பார்கள். அவிழ்க்கும் முன் முடிச்சைப் பார்த்து வையுங்கள், அதே இறுக்கத்தில் திரும்பக் கட்டுங்கள். திறக்கவே முடியாத கதவில் ஏற வேண்டி வந்தால் கீல் இருக்கும் பக்கமாக ஏறுங்கள். தாழ்ப்பாள் பக்கம் ஏறினால் உங்கள் எடையில் கதவு தொங்கிப்போகும், விவசாயிக்குச் செலவு.

உழுத வயலின் குறுக்கே பாதை போனால் குறுக்கேதான் போக வேண்டும். உழுதபின் 14 நாளுக்குள் குறைந்தது ஒரு மீட்டர் அகலத்துக்குப் பாதையைச் சமன் செய்து தர வேண்டும் என்பது நிலக்காரருடைய கடமை. பயிர் வளர்ந்து வழியே தெரியாவிட்டால் ஓரமாகச் சுற்றிப் போவது அமைதிக்கு நல்லது.

மாட்டைப் பற்றி நமக்குத் தெரியும் என்று நினைப்பதுதான் ஆபத்து. நம் ஊரில் வாசலில் கட்டிப் பழகிய மாடு வேறு. இங்கே கன்றோடு திறந்த வயலில் நிற்கும் பசு மனிதரை அதிகம் கண்டதில்லை. கன்றுக்கும் பசுவுக்கும் நடுவே போகாதீர்கள். கூட்டத்தைச் சுற்றி அகலமாக, வேலி ஓரமாகப் போங்கள், ஓடாதீர்கள். நாய் கூட இருந்து மாடு துரத்தினால் கயிற்றை விட்டுவிடுங்கள். மாட்டின் குறி நாய்தான், அது ஓடித் தப்பிவிடும்.

அவசர உதவி எண்ணான 999க்குக் குரலில் பேச சிக்னல் போதாத இடத்தில் குறுஞ்செய்தி சில நேரம் போகும். அதற்கு முன்பே பதிவு செய்திருக்க வேண்டும். ஆங்கிலத்தில் 'ரிஜிஸ்டர்' என்று தட்டி 999க்கு அனுப்பி, வரும் பதிலுக்கு 'யெஸ்' சொன்னால் முடிந்தது. இதை ஷ்ரூஸ்பரியிலேயே செய்துவிடுங்கள்.

7. முதல் நாள்: கிளன் ஊர் மட்டும்

ஊரின் உருவத்தைப் பாலத்தில் நின்று புரிந்துகொள்ளலாம். ஆற்றுக்குத் தெற்கே தேவாலயம் உள்ள மேடு பழைய சாக்சன் ஊர். வடக்கே கட்டம் கட்டமாகத் தெருக்கள் உள்ள பகுதி, கோட்டை கட்டிய நார்மன்கள் திட்டம் போட்டு அமைத்தது. ஆறுதான் இரண்டு காலங்களுக்கும் நடுவே ஓடுகிறது. பாலம் இடைக்காலத்தது, ஐந்து வளைவுகள், ஒரு வண்டி அகலம். இந்தப் பாலத்தைக் கடந்தவர் போனதைவிடக் கூர்மையாகத் திரும்புவார் என்று பழமொழி. அந்த ஒரு வண்டி அகலத்தில் எதிரே லாரி வந்தால் புத்தி கூராகத்தான் செய்யும்.

கோட்டைக்குக் கட்டணம் இல்லை. கோபுரத்தைச் சுற்றி வந்து அடித்தளத்தைக் கவனியுங்கள். செயற்கையாக எழுப்பிய மண்மேட்டின் உச்சியில் அது இல்லை, பக்கச் சரிவில் ஒட்டிக்கொண்டு கீழிருந்து எழுகிறது. குவித்த மண் அவ்வளவு கல்லைத் தாங்காது என்பதால் பாரத்தைக் கெட்டித் தரைக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள்.

தேவாலயத்தின் கோபுரம் குட்டையானது, சுவர் தடிப்பானது, மேலே இரண்டு அடுக்குப் பிரமிடு வடிவ மரக்கூரை. எல்லைப்புற ஊரில் தேவாலயமே அடைக்கல இடமாகவும் இருந்தது. கனத்த இரும்பு வளையத்தைத் திருகினால் கதவு திறக்கும். சேற்றுக் காலணியை வாசலிலேயே விடுங்கள், வெளியே வரும்போது கதவை நன்றாகச் சாத்துங்கள், குருவி உள்ளே போனால் வெளியேறத் தெரியாமல் செத்துவிடும். நாடகாசிரியர் ஜான் ஆஸ்போர்னின் கல்லறை இங்கேதான் இருக்கிறது. கடைசிக் காலத்தில் கிளன்டன் அருகே வாழ்ந்து 1994இல் இறந்தவர்.

8. இரண்டாம் நாள்: பெரி டிட்ச்சஸ்

கிளனிலிருந்து வடகிழக்கே கில்டன் டவுன் வழியாக ஏறிப் போகும் 'ஷ்ராப்ஷயர் வே' பாதையில் சுமார் 5 கி.மீ. ஏற்றம் 200 மீட்டருக்குச் சற்றுக் கூடலாம். மணிக்கு 5 கி.மீ., ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம் என்பது மலை நடைக்கான பழைய கணக்கு. அதன்படி போய்வர இரண்டரை மணி நேரம் வரும். அதை நம்பாதீர்கள். கதவுகள், சேறு, வரைபடம் பார்க்கும் நேரம் எல்லாம் சேர்த்து நான்கு மணி நேரம் வையுங்கள்.

காட்டுக்குள் நுழைந்ததும் பலர் தடுமாறுவார்கள். வனத்துறை தன் சுற்றுநடைகளுக்கு வண்ணக் குறியிட்ட கட்டைகளை நட்டிருக்கிறது. அவை கார் நிறுத்துமிடத்துக்கே வட்டமடித்துக் கொண்டுபோய் விடும். நீங்கள் பார்க்க வேண்டியது ஷ்ராப்ஷயர் வே குறியை மட்டும்.

மேலே இரும்புக் காலத்து மண்கோட்டை. வரிசை வரிசையாக வரப்பும் பள்ளமும் முட்டை வடிவில் சுற்றி வரும். நெடுங்காலம் மரங்கள் மூடியிருந்ததால் உருவமே தெரியவில்லை. 1978இல் ஒரு புயல் மரங்களைச் சாய்த்துப்போட, மீண்டும் நடாமல் திறந்தே விட்டார்கள். வாசல் பள்ளத்துக்குள் மெதுவாக நடந்து போங்கள். இருபுறமும் வரப்பு உயர்ந்து, பாதை உள்ளே மடங்கும். தாக்க வருகிறவன் இரு பக்கமும் அடி வாங்கிக்கொண்டே வர வேண்டிய அமைப்பு. உச்சியில் திசைகாட்டும் கல்லில் லாங் மைண்ட், ஸ்டிப்பர்ஸ்டோன்ஸ் போன்ற மலைகளை அடையாளம் பார்த்துக்கொள்ளலாம்.

திரும்பும்போது தெற்கே கிளன்டனுக்கு இறங்கலாம். அங்கிருந்து கிளனுக்குப் பிரதான சாலையில் மட்டும் நடக்காதீர்கள். ஓரத்தில் நடக்க இடம் கிடையாது, வளைவுகளில் கண் தெரியாது. ஆற்றின் தென்கரைக் காட்டுப் பக்கப் பாதைகளைப் பிடியுங்கள். இந்த ஆற்றின் கீழ்ப்பகுதியில் நன்னீர் முத்துச்சிப்பி வாழ்கிறது. வயல் மண் கரைந்து ஆற்றில் படிந்து அதை மூச்சடைக்கச் செய்கிறது. மழை நாளில் ஆறு காபி நிறத்தில் ஓடினால் காரணம் அதுவே.

9. மூன்றாம் நாள்: ஆஃபாவின் வரப்பு

757 முதல் 796 வரை மெர்சியா என்ற பழைய ஆங்கில நாட்டை ஆண்ட ஆஃபா மன்னன் வேல்ஸ் எல்லையில் எழுப்பிய மண்வரப்பும் அகழியும் இங்கே நன்றாக மிஞ்சியிருக்கின்றன. அதை ஒட்டிச் செல்லும் 285 கி.மீ. நீள நடைபாதையை 1971இல் நைட்டனில்தான் திறந்து வைத்தார்கள். நைட்டனில் தொடங்கி வடக்கே லான்ஃபேர் ஹில் தாண்டி நியூகாசில் வரை நடந்து, முன்பே சொல்லி வைத்த டாக்ஸியில் திரும்புங்கள். லான்ஃபேர் ஹில்லில் வரப்பு ஏறத்தாழ 430 மீட்டர் உயரத்தில் போகிறது, அதன் முழு நீளத்திலும் உச்சம் அதுதான். தூரத்தைவிட ஏற்ற இறக்கம்தான் ஆளைக் களைக்க வைக்கும். ஒவ்வொரு ஓடைக்கும் இறங்கி மறுபடி ஏற வேண்டும்.

அகழி எப்போதும் மேற்குப் பக்கம், அதாவது வெல்ஷ்காரர்கள் வரும் பக்கம். வடக்கே நடந்தால் இடக்கைப் பக்கம் பள்ளம். அந்தப் பக்கம் இப்போது வேல்ஸ் என்று நினைத்துவிடாதீர்கள். இந்த இடத்தில் இன்றைய எல்லை வரப்பை விட்டு விலகி மேற்கே போய்விட்டது, இரு பக்கமும் இங்கிலாந்துதான். வரப்பின் மேல் ஏறி நடப்பதைத் தவிருங்கள். 1200 ஆண்டு மழைக்குத் தாங்கியதைக் காலணி அரித்துவிடும்.

10. நான்காம் நாள்: பிஷப்ஸ் காசில், வால்காட்

பிஷப்ஸ் காசில் ஒரு செங்குத்தான தெரு. அடியில் தேவாலயம், உச்சியில் கோட்டை இருந்த இடம். நடுவே 'திரீ டன்ஸ்' என்ற பீர் ஆலை, 1642 உரிமத்தைச் சொல்லிப் பெருமைப்படும்.

ஊருக்குத் தென்கிழக்கே லிட்பரி நார்த் பக்கம் இருக்கும் வால்காட் ஹால் தமிழருக்குத் தெரிந்த கதை ஒன்றைச் சுமந்து நிற்கிறது. 1751இல் ஆற்காட்டுக் கோட்டைக்குள் 50 நாள் முற்றுகையைத் தாக்குப்பிடித்து, 1753இல் சென்னைக் கோட்டையின் செயின்ட் மேரீஸ் தேவாலயத்தில் திருமணம் செய்துகொண்ட ராபர்ட் கிளைவ், பிளாசிப் போருக்குப் பின் குவிந்த பணத்தில் 1763இல் இதை வாங்கினார். வாங்கியது வீட்டை மட்டும் அல்ல. மிகச் சில வாக்காளர்களோடு 1832 வரை இரண்டு எம்.பி.க்களை அனுப்பிக்கொண்டிருந்த பிஷப்ஸ் காசில் தொகுதியின் பிடியும் கூடவே வந்தது. அவருக்குப் பின் வால்காட் மகன் எட்வர்ட் கிளைவுக்கு. 1798 முதல் 1803 வரை சென்னையின் கவர்னராக இருந்தவர் இந்த எட்வர்ட்தான். 1799 அக்டோபரில் கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்டது அவர் ஆட்சியின்போது. இரண்டாம் நாள் பெரி டிட்ச்சஸ் மேலிருந்து வடகிழக்கே கீழே நீங்கள் பார்த்த மரக்கூட்டம் அந்த வீட்டின் பூங்கா. வீடு தனியார் உடைமை, தினமும் திறப்பதில்லை. போகும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

நேரம் மிஞ்சினால் நம் சதுரத்தைச் சற்று மீறி வடக்கே மிட்செல்ஸ் ஃபோல்ட் கல்வட்டம். பஞ்ச காலத்தில் ஊருக்கே பால் கொடுத்த ஒரு பசுவை, ஒரு சூனியக்காரி சல்லடையில் கறந்து வற்றச் செய்தாள் என்பது அதன் கதை. ஆளுக்கு ஒரு பாத்திரம்தான் என்ற பேச்சை மீறியதால் பசு மறைந்தது, அவள் கல்லானாள்.

பேச்சு வார்த்தை

எதிரே வருகிறவருக்கு வணக்கம் சொல்லாமல் கடப்பது இங்கே அநாகரிகம். 'மார்னிங்' என்றால் போதும். வேலியை ஒட்டி வேலை செய்கிறவரிடம் வழி கேட்பதைவிட ஆட்டைப் பற்றியோ மழையைப் பற்றியோ கேட்டால் பேச்சு நீளும். எங்கிருந்து வருகிறீர்கள் என்ற கேள்விக்கு ஊர்ப்பெயரோடு அங்கே என்ன விளைகிறது என்றும் சொல்லுங்கள். விவசாயிக்கு அதுதான் பிடிபடும். அரசியலையும் நிலவிலையையும் தொடாதீர்கள். ஊர்க்கடையில் முட்டையும் பாலும் வாங்குங்கள். சாலையோரப் பெட்டியில் முட்டை வைத்து, பக்கத்தில் காசு போட டப்பா வைத்திருப்பார்கள், அதற்குச் சில்லறை கையில் இருக்கட்டும்.

திரும்பும் நாளில் புரூம் நிலையத்துக்குப் பத்து நிமிடம் முன்பே போய்விடுங்கள். டிக்கெட் கவுண்டர் இல்லை, வண்டியிலேயே வாங்கிக்கொள்ளலாம். கொட்டகைக்குள் உட்கார்ந்திருந்தால் ஓட்டுநருக்கு ஆள் இருப்பது தெரியாது, வண்டி வேகம் குறைக்காமல் போய்விடும். நடைமேடையில் வெளியே நின்று, வண்டி வளைவில் தெரிந்ததுமே கையை நீட்டி, அது வேகம் குறைக்கும் வரை இறக்காமல் வைத்திருங்கள். இருட்டிவிட்டால் கைப்பேசி விளக்கைப் போட்டுத் தரைப்பக்கம் காட்டி ஆட்டுங்கள், ஓட்டுநரின் கண்ணில் அடிக்காதீர்கள்.